எட்டுக்கு ஒன்று கூட்டி வாங்கிய ஹெல்மெட்

விருத்தாசலம்,
செப்டம்பர் 4.

அன்பு திரௌபதிக்கு,

நானும் தென்றலும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய். அதை முழுசாக நம்ப முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மலையில் டவர் கிடைக்கிற அந்த ஒரே வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு நீ பேசுகிறாய். பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரத்தில் உன் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு எட்டாம் வகுப்பு வம்பெல்லாம் ஒப்பிக்கிறாள். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுவும் ஒரு வசதி.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் அன்பரசி ஒரு கல்யாணத்துக்காக இங்கே வந்தவர், நீ கொடுத்தனுப்பிய தேனைத் தர நம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. டீ குடித்துக்கொண்டே, 'அவங்களுக்குத் தையல் பிரிச்சாச்சுங்க, தழும்புகூடத் தெரியல, கவலைப்படாதீங்க' என்றார். எந்தத் தையல் என்று எனக்குத் தெரிந்தால்தானே கவலைப்படாமல் இருக்க முடியும்? வாசற்படி இடித்துவிட்டது என்று வீடியோவில் காட்டினாயே ஒரு பிளாஸ்திரி, அதற்குள் மூன்று தையல் இருந்திருக்கிறது. மண் பாதையில் வண்டி சறுக்கி விழுந்திருக்கிறாய். அப்போது ஹெல்மெட் எங்கே இருந்தது என்று கேட்டேன். டாக்டர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் டேங்க் மேலே இருந்ததாம். தர்மராஜாவைக் கட்டிக்கொண்டு இப்படிப் பொய் சொல்லலாமா என்று உன்னைக் கேட்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சத்தம் போட்டதற்கு மன்னித்துக்கொள். நீ பதிலுக்குச் சொன்னதும் நியாயம்தான். தார் ரோட்டில் போட்டுக்கொள்கிறேன், மண் பாதையில் ஏறினதும் நெற்றியில் பிடித்து அழுத்துகிறது, மூச்சு கண்ணாடியில் படிந்து கல்லும் குழியும் தெரியவில்லை, வேர்வை கண்ணில் இறங்குகிறது, வலிக்காத ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவாருங்கள், தூங்கும்போதுகூடப் போட்டுக்கொள்கிறேன் என்றாய். கோபத்தில் சொன்னாயோ கிண்டலுக்குச் சொன்னாயோ, நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டுவிட்டேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி கோமாரி தடுப்பூசி முகாம் தொடங்குகிறது. இருபத்தொரு நாள் ஒரு குக்கிராமம் விடாமல் நீ வண்டியில் ஏறி இறங்கப்போகிறாய், அதுவும் மழை நாளில். அதற்குள் உன் தலைக்குச் சரியான ஒன்று கிடைத்தாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, திரௌபதி. இதைப் போனில் சொல்ல வரவில்லை.

உன் அண்ணன் நடராசன், 'பேசாம மாற்றல் கேக்கச் சொல்லுங்க மாப்ள, திட்டக்குடிப் பக்கம் கெடைக்கும்' என்கிறார். நான் அதை உனக்குச் சொல்லப்போவதில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன். நீ அந்த மலையில் கன்றுக்குட்டிகளைப் பற்றிப் பேசும்போது உன் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சரி, ஹெல்மெட்டுக்கு வருகிறேன். ஜங்ஷன் ரோட்டில் கொளஞ்சியப்பன் கடை இருக்கிறதே, அங்கே இரண்டு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டேன். முகம் முழுக்க மூடுகிற ரகம் நீ வைத்திருக்கிற மாதிரிதான். ரோட்டுக்கு அது சரி, ஆனால் மெதுவாக ஏறும்போது காற்று போகாமல் உள்ளே புழுங்குகிறது. பந்தயக்காரர்கள் மண்ணில் ஓட்டப் போடுவது ஒன்று இருக்கிறது. அதற்குக் கண்ணாடியே இல்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் அதைப் போட்டுப் போனால் லாரி கிளப்புகிற தூசியெல்லாம் உன் கண்ணில்தான். கடைசியாகக் கொளஞ்சியப்பன் பரண்மேல் இருந்து ஒன்றை எடுத்தார். 'இது ரெண்டு ரோட்டுக்கும் பொதுங்க, நம்மூருல கேக்க ஆளு இல்ல, அதான் மேல கெடக்குது' என்றார்.

பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. தாடைப் பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது, அதனால் மூச்சு கண்ணாடியில் படியாது. முன்பக்கத் திறப்பு அகலம், முன் சக்கரத்துக் கல்லும் தெரியும், பக்கத்தில் வருகிற மாடும் தெரியும். நெற்றிக்கு மேலே தொப்பிபோல் ஒரு நீட்டல் இருக்கிறது, வெயிலுக்கும் மரக்கிளைக்கும் நல்லது. வேகமாகப் போகும்போது அந்த நீட்டல் காற்றைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுக்குமாம். இரண்டு பக்கமும் திருகு இருக்கிறது, நீண்ட தூரம் ரோட்டில் போவதாக இருந்தால் கழற்றிவிடு. உள்பஞ்சைப் பிரித்துத் துவைக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எடை ஒன்றரைக் கிலோவுக்குள்தான்.

அளவு விஷயத்தில் கவலையே வேண்டாம். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் என்று சொன்னாய் அல்லவா, அதை வைத்துக் கணக்குப் பார்த்து அறுபத்திரண்டு என்று கேட்டேன். கொளஞ்சியப்பன், 'அக்காவுக்குத் தல கொஞ்சம் பெருசுங்களா' என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரசாங்கப் பரீட்சை எழுதிப் பாஸான தலைங்க அது என்றேன். அவர் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நாளைக்குக் காலை கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து மலை பஸ்ஸில் வந்துவிடும். போட்டுப் பார்த்து உடனே எழுது. எந்தச் சாக்கும் சொல்லாமல் எழுது.

உன் தலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிற,
தர்மராஜ்.


கீழ்மாவடி,
கல்வராயன் மலை,
செப்டம்பர் 13.

தென்றல் அப்பாவுக்கு,

உங்கள் பார்சலும் உங்கள் கோபமும் ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தன. கோபத்தை முதலில் பிரித்தேன். தையலைப் பற்றிச் சொல்லாதது தப்புதான். சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்து நின்றிருப்பீர்கள், தென்றலுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் வாசற்படியின் மேல் பழியைப் போட்டேன். இனிமேல் விழுந்தால் விழுந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன், போதுமா?

இப்போது ஹெல்மெட். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆசையாகத்தான் எடுத்து மாட்டினேன். மாட்டினேன் என்று சொல்வதுகூடத் தப்பு, அது தானாக இறங்கி என் தோளில் வந்து உட்கார்ந்தது. வாரை இறுக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்து மறுநாள் காலை அதோடேயே கிளம்பினேன். முதல் பள்ளத்தில் வண்டி குதித்தபோது ஹெல்மெட் தனியாகக் குதித்தது. ஒரு வீட்டில் யாரோ கூப்பிட்டார்களே என்று இடதுபக்கம் திரும்பினேன். என் முகம் திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. பஞ்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டி மரவள்ளிக் காட்டுக்குள் பத்தடி போய் நின்றது. பயப்படாதீர்கள், விழவில்லை. காட்டுக்குச் சொந்தக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, 'என்னாம்மா, ஊசி போட வந்தியா, சாமியாட வந்தியா' என்று கேட்டாள். அந்த ஊர் முழுக்க அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் மாட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

எங்கள் மருந்தகத்திலேயே பெரிய தலை, உதவியாளர் பாரிக்குத்தான். அவருக்கு மாட்டிப் பார்த்தோம். அவருக்கே லொடலொடவென்று இருந்தது. 'இது மனுசனுக்கு வாங்குனதுங்களா மேடம்' என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

நான் ஐம்பத்தைந்து என்று சொன்னேன். உங்கள் கடிதத்திலும் ஐம்பத்தைந்து என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் என்ன கணக்குப் பார்த்தீர்கள், எப்படி அறுபத்திரண்டு வந்தது? எனக்கு விளங்கவே இல்லை. டாக்டரிடமும் காட்டினேன், அவருக்கும் விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மாடல் அருமையான மாடல். அது என் கண்ணுக்கு நேராக இருந்த நேரமெல்லாம் பாதை நன்றாகத் தெரிந்தது. மூச்சு படியவில்லை. காற்று உள்ளே வந்தது. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கவில்லை. இதே மாதிரி என் அளவில் ஒன்று இருந்தால் போட்டுக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நெற்றிவலி எதனால் வருகிறது என்று தெரியவில்லை. பழைய ஹெல்மெட் என் அளவுதான், அதிலேயே வலிக்கிறது. அளவு சரியானாலும் வலித்தால் என்ன செய்வது? வலியோடு ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம், இருபத்தொரு நாள் முடியாது. எனக்கு நடிக்க வராது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் பயம் இருக்கிறது. அன்றைக்கு விழுந்ததிலிருந்து இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் நின்றுதான் இறங்குகிறேன். பாரி பின்னாலேயே வந்து அவரும் நிற்கிறார். மாற்றலைப் பற்றி நீங்கள் சொல்லாமலே சொன்னதைப் படித்தேன். இந்த முகாம் முடியட்டும் என்று இருக்கிறேன். போன வாரம் ஒரு கிடாரிக்குக் கன்று குறுக்கே நின்று, இரண்டு மணி நேரம் போராடி உயிரோடு எடுத்தேன். அந்த வீட்டுக்காரர் கன்றுக்கு என் பெயரை வைத்துவிட்டார். அது காளைக் கன்று. சொன்னாலும் கேட்கவில்லை.

ஹெல்மெட்டை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். கொளஞ்சியப்பன் அண்ணன் மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். தென்றலிடம் கணக்கு நோட்டை முடித்துவிட்டாளா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். அவளுக்குத் தலை வாரிவிடுங்கள், நீங்கள் வாரினால்தான் சடை நிற்கிறது என்று அவளே சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் திரௌபதி.


விருத்தாசலம்,
செப்டம்பர் 29, ஞாயிறு.

அன்பு திரௌபதிக்கு,

நீ எழுதியதைத் தென்றல் சத்தமாகப் படித்தாள். 'எப்படி அறுபத்திரண்டு வந்தது' என்ற இடம் வந்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மண் சூளையில் வெந்து வரும்போது சுருங்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். எட்டங்குலப் பொம்மை வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு எடுத்தால்தான் எட்டாக வெளியே வரும். எங்கள் மண்ணுக்கு எட்டுக்கு ஒன்று கூட்ட வேண்டும். பீங்கான் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக யார் என்ன அளவு சொன்னாலும் என் காதில் விழுந்த உடனேயே கை அதைக் கூட்டிவிடும். கரண்ட் பீஸ்கட்டை, கோப்பை, சரஸ்வதி பொம்மை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கொளஞ்சியப்பன் கடையில் துண்டுச்சீட்டை எடுத்து ஐம்பத்தைந்தை எட்டால் வகுத்துக் கிட்டத்தட்ட ஏழு என்று கூட்டி அறுபத்திரண்டு போட்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதில் தப்பு இருப்பதாக அப்போது ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

சொன்னதும் தென்றல் தரையில் உருண்டு சிரித்தாள். 'அம்மா தலைய சூளையில வைக்கப் போறியாப்பா' என்று கேட்டாள். அதோடு விட்டாளா, ஒன்றாம் வகுப்பில் நான் வாங்கி வந்த ஷூவுக்குள் ஒரு வருடம் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்ததையும், நம் ஜன்னல் திரை தரையில் புரளுவதையும் எடுத்துவிட்டாள். இத்தனை வருடமாக வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாக வாங்குகிறார் என்று நீயும் நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அளவு தெளிந்துவிட்டது. ஆனால் நெற்றிவலி எதனால் என்று நீ கேட்டது என்னை விடவில்லை. கொளஞ்சியப்பன், 'தலையில போட்டு அரை மணி நேரம் ஒக்காந்து பாத்தாத்தாங்க எங்க வலிக்குதுன்னு தெரியும், ஒரே அளவா இருந்தாலும் ஒருத்தருக்கு உருண்டத் தல, ஒருத்தருக்கு நீட்டத் தல' என்றார். நீ மலையில் இருக்கிறாய், கடை இங்கே இருக்கிறது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சிரிக்கக் கூடாது. உன் தலையைச் செய்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பெண்ணாடத்தில் மாடு உதைத்து உன் வலது கை உடைந்ததே, அப்போது இரண்டு மாதம் நான்தான் உனக்கு எண்ணெய் தேய்த்துச் சடை பின்னினேன். முதல் வாரம் நீ திட்டினாய், அப்புறம் திட்டவில்லை. அந்த இரண்டு மாதம் என் கையில் அப்படியே இருக்கிறது. பின்மண்டையில் இடதுபக்கம் கொஞ்சம் தட்டை. உச்சியில் ஒரு சின்ன மேடு. காதுக்கு மேலே குறுகல். களிமண்ணை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், வந்துவிட்டது. அதற்கு அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்த்தேன். பிளாஸ்டர் சுருங்காது. இருந்தாலும் தென்றல் டேப்பை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஐம்பத்தைந்து, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நவராத்திரி நெருங்குவதால் பட்டறையில் எங்கே பார்த்தாலும் பொம்மைத் தலைதான். அவற்றுக்கு நடுவே உன் தலையைக் காய வைத்திருந்தேன். பாலிஷ் போடுகிற நீலாவதி, 'என்னாண்ணே, அண்ணிய இந்த வருசம் கொலுவுல வைக்கப் போறீங்களா' என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணும் மூக்கும் வைக்கவில்லையே என்று வேறு குறைப்பட்டார்கள். தென்றல் ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டாள். அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பையைத் திறந்ததும் கொளஞ்சியப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். 'எதுக்குங்க தலையோட வரீங்க' என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. தலை முழுக்க நீலச் சாக்பீஸ் தூளைப் பூசி, இதே மாடலில் சின்ன அளவை மாட்டி, வாரை இறுக்கி, கல்லாமேசை மேல் வைத்தோம். அரை மணி நேரம் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தோம். வந்த ஆட்களெல்லாம் அதோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கழற்றிப் பார்த்தால் தூள் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டியிருந்தது. நெற்றியில் ஒரு இடமும் தேயவில்லை. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது, பஞ்சு புதுசு, நாலு நாளில் பழகிவிடும் என்றார்.

அப்படியானால் பழைய ஹெல்மெட் ஏன் வலித்தது? அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது உன் வீடியோ படம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போகும்போது நீ கொண்டை போடுகிறாய், கிளிப்போடு. சடையைத் தொங்கவிட்டால் கன்றுக்குட்டி மென்றுவிடுகிறது என்று சொல்லியிருக்கிறாய். பட்டறையிலிருந்து கையளவு களிமண்ணை எடுத்துவரச் சொல்லி, கடையிலேயே உன் கொண்டையைப் பிடித்துப் பின்மண்டையில் ஒட்டினேன். மறுபடி தூள் பூசி, மறுபடி மாட்டினோம். கழற்றினால் நெற்றி நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று தேய்ந்துபோயிருந்தது. கொண்டை பின்னாலிருந்து தள்ளுகிறது, நெற்றி முன்னால் போய் இடிக்கிறது. அந்த வலிக்குத்தான் நீ ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தாய். அதனால்தான் மூன்று தையல். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கொளஞ்சியப்பன் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்தார்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி ஓட்டும்போது கழுத்துக்குக் கீழே தளர்வாகச் சடை பின்னிச் சட்டைக்குள் விட்டுக்கொள். மாட்டுக்கு முன்னால் போய் நின்ற பிறகு கொண்டை போட்டுக்கொள். கிளிப்பைச் சட்டைப் பையில் வை. இதை அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொல்கிறேன்.

கொளஞ்சியப்பன் மாற்றிக் கொடுத்த ஹெல்மெட் பஸ்ஸில் வந்ததும் உடனே மலை ஏறாதே. முதலில் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அரை மணி நேரம் போட்டுக்கொண்டு ஏதாவது படி. தலையை ஆட்டிப் பார், நெற்றித் தோலும் பஞ்சும் சேர்ந்தே நகர வேண்டும். வாரை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து தூக்கிப் பார், கழன்று வரக் கூடாது. எங்காவது சுருக்கென்றால் எழுது, கடையே அடுத்த தடவைக்கும் தயாராக இருக்கிறது.

பழமலைநாதர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், அளவு கேட்கவில்லை. அது ஒன்றுதான் நான் தப்பாகச் சொல்லாத விஷயம்.

உன்,
தர்மராஜ்.


கீழ்மாவடி,
அக்டோபர் 22.

தென்றல் அப்பாவுக்கு,

இனிமேல் விழுந்தால் விழுந்தேன் என்றே சொல்வதாக எழுதியிருந்தேன். நேற்று விழுந்தேன்.

முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இறக்கத்தில் பாறைமேல் பாசி. முன்சக்கரம் வழுக்கி, நான் இடதுபக்கமாகப் போய் விழுந்தேன், தலை பாறையில் இடித்தது. டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான், வலி இல்லை. படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். பாரி ஓடிவந்து முதலில் என் பெயரைக் கேட்டார், அப்புறம் அவர் பெயரைக் கேட்டார். இரண்டும் சரியாகச் சொன்னேன். தடுப்பூசி ஐஸ்பெட்டி ஒரு புதரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், அங்கே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

அது தார் ரோடு முடிந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற இடம். பழைய ஹெல்மெட்டாக இருந்தால் அது அந்நேரம் டேங்க் மேல் இருந்திருக்கும். இதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எட்டு நாளாக அப்படித்தான். சடையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறேன், நெற்றி வலிக்கவே இல்லை. உங்கள் கைக்கு நான் ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஹெல்மெட்டின் இடதுபக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக வரும்.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. இனி மருந்தகத்தைச் சுற்றி நடந்தே போகிற ஊர்கள்தான், ஆனால் தீபாவளிச் சமயத்துக்குத் தூரத்தில் இரண்டு ஊர் பாக்கி நிற்கும், மழை வலுத்தால் பாதை மூடிவிடும், லீவு நாளிலேயே முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். தென்றலிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்கு எடுத்த பாவாடை சட்டையை அளவு பார்த்துத்தானே எடுத்தீர்கள்?

அன்புடன்,
உங்கள் திரௌபதி.


விருத்தாசலம்,
அக்டோபர் 26.

அன்பு திரௌபதிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து முடித்தேன். அந்த டொக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. கீறலின் படத்தை நீ போனில் அனுப்பியிருந்தாய், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கீறல் புருவத்துக்கு மேலே, போன தடவை தையல் போட்ட அதே பக்கம். நான் அழுதேன். தென்றல் பார்த்துவிட்டாள், அவளும் அழுதாள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சமோசா வாங்கிச் சாப்பிட்டோம். உண்மையை உள்ளபடி எழுதியதற்கு நன்றி.

ஆனால் நாலைந்து வருடம் வரும் என்று எழுதினாயே, அது நடக்காது. கொளஞ்சியப்பனிடம் கேட்டேன். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே இருக்கிற தெர்மகோல் அடியை வாங்கி நசுங்கிப்போயிருக்கும், இன்னொரு அடியை அது தாங்காது. 'ஒரு தடவ தலையக் காப்பாத்திட்டா அதோட வேலை முடிஞ்சுதுங்க' என்றார். அந்த ஹெல்மெட்டை இனி நீ மாட்டக் கூடாது. அழகுக்குக்கூட மாட்டாதே. டாக்டரிடம் பேசிவிட்டேன், பாக்கி இரண்டு ஊருக்கும் ஜீப் போகிற தூரம் ஜீப், அதற்கு மேல் நடை என்று ஒப்புக்கொண்டார். ஜீப்பில் போனால் இரண்டு ஊரும் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றும் அவரே சொன்னார். நான் ஒன்றும் தூண்டிவிடவில்லை.

தென்றலிடம் நீ வராததைப் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். இன்னும் சொல்லவில்லை. அவள் உனக்காக வாங்கிவைத்த மத்தாப்புப் பெட்டியைத் தனியாக அலமாரியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. பாவாடை சட்டையைக் கடைக்காரப் பெண்ணே அளந்து எடுத்தாள், என்னை டேப்பைத் தொடவே விடவில்லை.

இன்னொரு விஷயம். கொளஞ்சியப்பன் கடையில் அதே மாடல், அதே அளவு, இன்னொன்று இருக்கிறது. புதுசு. எடுத்துத் துடைத்துக் காகிதம் சுற்றி என் பெயர்கூட எழுதி வைத்துவிட்டார். கையை நீட்டினால் வாங்கி வந்திருக்கலாம், நாளைக்குக் காலை பஸ்ஸில் போட்டிருக்கலாம். நான்தான் வாங்காமல் திரும்பி வந்தேன். ஏன் என்று கொளஞ்சியப்பன் கேட்டார். அளவு சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, 'தீபாவளி அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கட தொறந்துதாங்க இருக்கும்' என்றார்.

அம்மனும் பழமலைநாதரும் உன்னை எங்கேயும் தடுமாறாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். சின்ன சேலத்தில் ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் ஜங்ஷனில் இறங்கிவிடலாம், நானும் தென்றலும் பிளாட்பாரத்திலேயே நிற்போம். பார்சல் அனுப்பப் போவதில்லை, திரௌபதி. இந்தத் தடவை தலையை நீயே கொண்டு வா.

உன்,
தர்மராஜ்.